தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கலாமா?

வெள்ளகோவிலான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் பெங்களூரில் வேலையில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் வெள்ளகோவிலுக்கும் முத்தூருக்கும் நடுவில் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில், இருக்கிறார்கள். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. தார் ரோட்டிலிருந்து இட்டேரியில், வேலிகளுக்கு நடுவே போகும் மண் பாதையில், ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். பக்கத்து வீடு என்றால் இரண்டு வயல்காடு தாண்டி. நடுவில் கிளுவை வேலியும் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும்தான். சத்தம் போட்டால் கேட்காது.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொலையானார்கள். 2025 மே மாதம் பிறந்ததும் ஈரோடு மாவட்டத்துச் சிவகிரியில் வயதான தம்பதி கொலையானது தெரிய வந்தது. அந்த ஆட்களைப் பிடித்துவிட்டார்களே என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "பிடிச்சது அவங்களைத்தானே, ஊர்ல இருக்கற எல்லாரையுமா?" என்று கேட்டார். முன்பெல்லாம் எட்டு ஒன்பது மணி வரைக்கும் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்போது பொழுது விழுந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

அப்பா வேறு மாதிரி யோசிக்கிறார். பங்காளி ஒருவர் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு மனு கொடுத்திருக்கிறாராம். நாமும் கொடுப்போம், ஒரு ரெட்டைக் குழல் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்கிறார். பணம் பிரச்சினை இல்லை, அவர் மேல் கேஸ் எதுவும் கிடையாது. ஒரு கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்தது, இன்னொரு கண் பாக்கி.

லைசென்ஸ் கிடைக்குமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். துப்பாக்கி வந்தால் இப்போது இருப்பதைவிட அவர்கள் பத்திரமாக இருப்பார்களா? வீட்டில் வைத்திருந்தவர்கள் யாராவது சொன்னால் நல்லது. அரசியல் வேண்டாம், அதற்கு இந்த மன்றத்தில் வேறு இழை ஓடிக்கொண்டிருக்கிறது.

பவானி மாப்பிள்ளை எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாங்கிக் கொடுங்க. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் துப்பாக்கி இருந்த வீட்டுப் பக்கம் கோழித் திருடன்கூட எட்டிப் பார்க்க மாட்டான். இப்போது ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, அவர்கள் வழி கேட்டு, இட்டேரிக்குள் ஜீப் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அது வரைக்கும் உங்கள் அப்பா என்ன செய்ய வேண்டும், விளக்கமாற்றோடு நிற்பதா?

தாராபுரம் ஹவில்தார் எழுதியது:

பட்டாளத்திலிருந்து வந்த பிறகு பேங்கில் காவலுக்கு நிற்கிறேன். கையில் இருப்பது அதே 12 போர் ரெட்டைக் குழல்தான். லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

1959-ஆம் வருட ஆயுதச் சட்டம், 2016-ல் வந்த விதிகள், இவைதான் கணக்கு. மனு ஏ-1 படிவத்தில். உங்களுக்குத் திருப்பூர் கலெக்டர் ஆபீஸ். திருப்பூர், கோவை மாநகரத்துக்குள் இருப்பவர்களுக்கு என்றால் போலீஸ் கமிஷனர். மனு போலீசுக்குப் போகும், அவர்கள் வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பார்கள். உடம்பும் மனசும் சரியாக இருப்பதற்கு டாக்டர் சான்று, ஆயுதம் கையாளப் பழகியதற்குச் சான்று, வீட்டில் பத்திரமாக வைப்பேன் என்று உறுதி, எல்லாம் கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு, ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. பயிர்க் காவலுக்கென்று கேட்கவும் சட்டத்தில் தனியாக இடம் உண்டு. தற்காப்புக்கு என்றால் உங்கள் உயிருக்கு என்ன ஆபத்து என்று காட்டச் சொல்வார்கள். ஊரெல்லாம் பயமாக இருக்கிறது என்று எழுதினால் பெரும்பாலும் நகராது. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்.

இதற்கெல்லாம் அலைய முடியாது என்று யாராவது மலையடிவாரத்தில் நாட்டுத் துப்பாக்கி வாங்கித் தருகிறேன் என்றால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளே போவது உங்கள் அப்பாவாக இருக்கும்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. அந்தத் துப்பாக்கி மூன்று கிலோவுக்கு மேல் கனம். நல்ல தூக்கத்தில் இருந்து எழுந்து, விளக்குப் போடாமல், ஒரு கண்ணில் புரையோடு, அடித்தொண்டை வறண்டுபோய் நிற்கிற மனிதர் அதைத் தூக்கித் தோளில் வைத்து, எதிரே நிற்பது யார் என்று தெரிந்துகொண்டு சுட வேண்டும். சுட்டுப் பழகும் இடத்தில் நான் பார்த்திருக்கிறேன், திடகாத்திரமான பையன்களே முதல் தோட்டா வெடித்ததும் தோளைப் பிடித்துக்கொள்வார்கள். விடாமல் பழகுகிறவனுக்குத்தான் அது ஆயுதம். தலைமாட்டில் வைப்பதும் கூடாது, பூட்டித்தான் வைக்க வேண்டும். நாற்பத்தைந்து வயது, பழகத் தயார், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்கள் அப்பாவுக்கு வேண்டாம்.

ஊத்துக்குளி வெண்ணெய் எழுதியது:

ஏர் கன் வாங்கிக் கொடுங்களேன்? சின்ன சைஸுக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார்கள்.

தாராபுரம் ஹவில்தார் எழுதியது:

குழல் 0.177 அங்குலம், சக்தி 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸ் வேண்டாம், சரிதான். தகர டப்பாவைச் சுடலாம். அரிவாளோடு வருகிறவனுக்குக் கோபம்தான் வரும்.

அந்தியூர் சாளைக்காரி எழுதியது:

தம்பி, நான் துப்பாக்கி இருந்த வீட்டுக்கு மருமகளாகப் போனவள். முப்பது வருசத்துக்கு மேல் அதோடு ஒரே கூரையில் இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்குப் போகிற வழியில் எங்கள் தோட்டம். மஞ்சள், கரும்பு, மரவள்ளி எது போட்டாலும் காட்டுப்பன்னி விடாது. மாமனார் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் எடுத்து வாங்கிய ரெட்டைக் குழல். நான் போனபோது அது வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் ரெண்டு ஆணியில் தொங்கியது, பக்கத்தில் காமராஜர் படம். வருகிறவர்கள் எல்லாம் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். மாமனாருக்கு அதில் ஒரு பெருமை. சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் அது தைரியமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் சந்தைக்குப் போய் வர இருட்டிப்போகும் நாளில், அதைத் தொட்டுக்கூடப் பார்க்காத நான், அது தொங்குகிற சுவரோரமாகத்தான் பாயைப் போடுவேன்.

மகன் பிறந்து தவழ ஆரம்பித்ததும் அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பூட்டி வைக்கறதுக்கு எதுக்கும்மிணி துப்பாக்கி?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நம் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தால் பிள்ளை கைக்கும் எட்டும். பிள்ளைக்கு எட்டாமல் வைத்தால் நடுராத்திரி அவசரத்துக்கு நமக்கும் எட்டாது. இதற்கு எங்கள் வீட்டில் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. துப்பாக்கி பீரோவில், தோட்டா ராகிப் பானைக்குப் பின்னால் தகர டப்பாவில், சாவி என் இடுப்பில் என்று கடைசி வரைக்கும் ஓடியது.

ராத்திரி கதை ஒன்று சொல்கிறேன். நம் தோட்டங்களில் ராத்திரி நடமாடுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். மோட்டார் ஓட வேண்டிய மும்முனைக் கரண்ட் அப்போதெல்லாம் முறை வைத்துத்தான் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தால் ரெண்டு மணிக்கு எழுந்து போய் மோட்டார் போட வேண்டும். எங்களுடையது கூட்டுக் கிணறு, மூன்று பங்கு. ஒரு ஆடி மாதம், பங்காளி வீட்டில் தண்ணீர் முறையை மாற்றிக் கேட்டிருக்கிறார்கள், மாமனார் சரி என்று சொல்லியிருக்கிறார். அது எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாது. நாய் விடாமல் குரைத்தது. எழுந்து பார்த்தால் மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் டார்ச் வெளிச்சம் எரிவதும் அணைவதுமாக இருந்தது. சாவி கேட்டார், கொடுத்தேன். ரெண்டு தோட்டாவையும் போட்டு, ஜன்னல் கம்பிக்கு நடுவில் குழலை வைத்துவிட்டார். "யார்றா அது" என்று சத்தம் போட்டார். ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் கேட்கவில்லை, பதிலும் வரவில்லை. மாமனார் எழுந்து வந்து, "அது முறைக்கு வந்திருக்கறாங்கடா" என்று குழலைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அங்கே நின்றது பங்காளி வீட்டுப் பையன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவன். அவன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று மோட்டார் போட வந்திருக்கிறான். இன்றைக்கு ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறான், தீபாவளிக்கு எனக்குச் சேலை கொண்டுவந்து கொடுப்பான். அந்த ராத்திரியைப் பற்றி அவனுக்கு யாரும் சொன்னதில்லை. ராத்திரியில் நம் தோட்டத்துக்குள் தெரிகிற உருவம் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நம் ஆள்தான், தம்பி. மோட்டார் போட வந்தவன், மாட்டைத் தேடி வந்தவன், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்த பேரன்.

அடுத்தது தேர்தல். இது துப்பாக்கி வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கச் சொல்வார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பி வரும். 2024-ல் மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 எண்ணிக்கை. நமக்கு ஏப்ரல் 19-லேயே ஓட்டு முடிந்துவிட்டாலும் நாடு முழுக்க முடிய வேண்டுமே. இரண்டரை மாதத்துக்கு உங்கள் அப்பா தலைமாட்டில் தலையணைதான் இருக்கும். பாராளுமன்றம், சட்டசபை, உள்ளாட்சி என்று மாறி மாறி வருவதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அது ஒரு தடவை நல்லதாகவே முடிந்தது. 2011 சட்டசபைத் தேர்தலுக்கு ஏப்ரல் 13 ஓட்டு, மே 13 எண்ணிக்கை. நடுவில் சித்திரையில் பவானியில் ஒரு கல்யாணம், வீட்டோடு போயிருந்தோம். பட்டப்பகலில் பின்கதவை நெம்பி, பீரோவைக் கடப்பாறையால் பிளந்து, நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விசாரிக்க வந்தவர் நகை எத்தனை பவுன் என்று கேட்கவில்லை. முதல் கேள்வியே, "துப்பாக்கி எங்கேம்மா?" ஸ்டேஷனில்தான் இருக்கிறது என்று ரசீதைக் காட்டிய பிறகுதான் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தார். பீரோவில் இருந்திருந்தால் நகையோடு அதுவும் போயிருக்கும். போய், வேறு யார் வீட்டு வாசலில் நின்றிருக்கும் என்பதை நினைத்தால் நகை போனது பெரிதாகத் தெரியவில்லை.

துப்பாக்கி இருக்கிற வீடு என்று தெரிந்தால் திருடன் பயப்படுவான் என்று பவானித் தம்பி எழுதியிருக்கிறார். பயப்பட்டானோ என்னமோ, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தான். துப்பாக்கியும் நகை மாதிரி நாம் காவல் காக்க வேண்டிய இன்னொரு சாமான் ஆகிவிடுகிறது.

கடைசியாக ஒன்று. வீட்டு விஷயம், ஆனாலும் எழுதுகிறேன், அவர் இப்போது இல்லை. 2010 கடைசியில் ஈரோட்டு மார்க்கெட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிப் போனது நம் பக்கத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டுக்காரரும் குத்தகைக்குக் காடு பிடித்து, கடன் வாங்கி மஞ்சள் போட்டார். 2012-ல் விலை 4,000 பக்கம் வந்து நின்றது. மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். சோறு வைத்தால் பாதியில் எழுந்துவிடுவார், ராத்திரியெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நான் முதலில் பூச்சிமருந்து வைக்கிற ரூமுக்குப் புதுப் பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டேன். அப்புறம் என் அண்ணனை வரவழைத்து, "லைசென்ஸ் புதுப்பிக்கிற வரைக்கும் துப்பாக்கி டீலர்கிட்ட இருக்கட்டும், மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் ஒப்படைச்சுட்டு வாங்க" என்று அனுப்பினேன். ஏன் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வருசத்தைத் தாண்டினோம். கறவை விற்றோம், காட்டில் ஒரு பகுதியைக் கொடுத்தோம், கடன் அடைந்தது, மனிதர் மறுபடி பேச ஆரம்பித்தார். துப்பாக்கியையும் திருப்பிக் கொண்டுவந்தார்.

நம் பக்கம் கெட்ட காலம் என்பது சில நாள், சில வாரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதுதான் எத்தனையோ குடும்பத்தின் தலையெழுத்தாகிவிட்டது. மருந்தைக் குடித்துவிட்டவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்த வீடுகள் எனக்குத் தெரியும், அவர்கள் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். துப்பாக்கி ஓடுவதற்கு நேரம் கொடுக்காது. வயதானவர்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று நினைக்காதீர்கள். உடம்பு முடியாமல், பிள்ளைகள் தூரத்தில் இருந்து, ரெண்டு பேரில் ஒருத்தர் போய்விட்டால் மிச்சம் இருப்பவர் எப்படி இருப்பார் என்பதையும் யோசியுங்கள்.

திருடனை நோக்கி எங்கள் துப்பாக்கி ஒரு தடவையும் வெடித்ததில்லை. பன்னி வந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள், ஓடும். அவுட்டு வெடி போட்டாலும் ஓடும். வீட்டுக்காரர் மாரடைப்பில் போன பிறகு லைசென்ஸ் அவரோடு முடிந்தது, ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். மகன் தன் பேருக்கு வேண்டாம் என்றான். முறைப்படி டீலர் மூலம் விற்றாயிற்று.

பவானி மாப்பிள்ளை எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வது உங்கள் வீட்டுக் கதை. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள், அங்கே எவனாவது வேலி தாண்டுவானா? திருடனிடம் கத்தியும் கடப்பாறையும் இருக்கலாம், நம்மிடம் ஒன்றும் இருக்கக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?

கொடுமுடி டு டாலஸ் எழுதியது:

அமெரிக்கா பேச்சு வந்ததால் நான் வருகிறேன். டெக்ஸாஸில் குடும்பத்தோடு இருக்கிறேன். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது ஆனவர் பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். நாட்டில் ஆட்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம், நூறு பேருக்கு 120 என்பது கணக்கு. இந்தியாவில் சட்டத்துக்கு உட்பட்டதும் படாததும் சேர்த்து ஐந்து சொச்சம். எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வது உங்கள் அப்பா சொல்வதேதான், பாதுகாப்புக்கு.

2021-ல் இங்கே துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல். டிவியில் காட்டுகிற பள்ளிக்கூடச் சம்பவங்களைப் பார்த்துவிட்டு நம் ஊரில் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தியூர் அக்கா மஞ்சள் விலையைப் பற்றி எழுதியதைப் படித்தபோது இந்த எண்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்குகிறவர் விவரம் அரசாங்கத்திடம் பதிவாகிவிடும். அதை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆட்கள் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னிடம் துப்பாக்கி இல்லை, ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் இருக்கிறார், அப்படிப்பட்டவர்கள் கொலையாவது, துப்பாக்கியில்லாத வீட்டில் இருப்பவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். கணவனோ மனைவியோ துணையோ வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்வது ஏழு மடங்கு. அப்படிச் செத்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். வெளியாள் வந்து கொல்வதிலிருந்து துப்பாக்கி காப்பாற்றியதா என்று தேடினார்கள், அப்படி ஒன்றும் கண்ணுக்குப் படவில்லை.

மறுப்பவர்களும் இங்கே நிறைய. பயந்த வீட்டார்தான் துப்பாக்கி வாங்குகிறார்கள், ஆபத்து முதலிலிருந்தே அங்கே இருந்தது, துப்பாக்கி மேல் பழி போடாதே என்பார்கள். அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் 1993-ல் வேறு ஊர்களில் செய்த ஆய்விலும் வீட்டில் துப்பாக்கி இருந்தால் வீட்டுக்குள் கொலை நடக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு என்று வந்தது. அது வந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? 1996-ல் அரசு சுகாதார நிறுவனத்தின் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பேசச் செலவழிக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் இந்த ஆராய்ச்சியே படுத்துவிட்டது.

வேலி தாண்டுவார்களா என்று கேட்டீர்கள். தாண்டுகிறார்கள். இந்த ஊரில் காரிலும் வீட்டிலும் திருடு போகிற சாமான்களில் துப்பாக்கியும் ஒன்று. என் மகள் சிநேகிதி வீட்டுக்கு விளையாடப் போனால், அலர்ஜி இருக்கிறதா, நாய் இருக்கிறதா என்று கேட்பதோடு துப்பாக்கி பூட்டி இருக்கிறதா என்றும் என் மனைவி கேட்கிறாள். கொடுமுடியில் இருக்கிற எங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னால் நம்பவில்லை.

வெள்ளகோவிலான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அந்தியூர் அக்கா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நகை போனதற்கு "ம்" என்றார். மோட்டார் போட வந்த பையன் கதை வந்ததும், "அது யார் வீட்டுப் பையன்?" என்று ரெண்டு தடவை கேட்டார். எங்களுடையதும் கூட்டுக் கிணறுதான். மனுக் கொடுக்கிற யோசனையை இன்னும் விடவில்லை, ஆனால் தலைமாடு என்கிற பேச்சு நின்றுவிட்டது.

அவர் கேட்கிற ஒன்று: ராத்திரி வீட்டுக்குள் புகுந்தவனைச் சுட்டால் கேஸ் ஆகுமா? அக்காவுக்கு ஒரு கேள்வி, இப்போது நீங்கள் தனியாக இருக்கிறீர்களா? என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்?

தாராபுரம் ஹவில்தார் எழுதியது:

2024 ஜூலையிலிருந்து பழைய ஐ.பி.சி., அதாவது இந்தியத் தண்டனைச் சட்டம், போய் பாரதிய நியாய சன்ஹிதா. தற்காப்பு உரிமை 34-லிருந்து 44-ஆம் பிரிவு வரைக்கும். பொழுது விழுந்த பிறகு, விடிவதற்குள் வீட்டை உடைத்துப் புகுந்தவன் விஷயத்தில் உயிர் போகிற அளவுக்கும் அந்த உரிமை நீளும் என்று 41-ல் இருக்கிறது. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் தற்காப்பு என்று சொல்வது கஷ்டம். எது தேவை, எது அதிகம் என்பதைக் கோர்ட்தான் சொல்லும். அது வரைக்கும் துப்பாக்கி கோர்ட்டில், உங்கள் அப்பா வாய்தாவில்.

அந்தியூர் சாளைக்காரி எழுதியது:

தனியாகத்தான் இருக்கிறேன் தம்பி. மகன் ஓசூரில். கூப்பிடுகிறான், எனக்கு மாட்டை விட்டுப் போக மனசு இல்லை.

நகையெல்லாம் பேங்க் லாக்கரில். கழுத்தில் இருப்பது கவரிங், அது கவரிங் என்று பால்காரர் முதல் தேங்காய் பறிக்க வருகிறவர் வரைக்கும் தெரியும்படி நானே சொல்லி வைத்திருக்கிறேன். விளைச்சல் விற்ற பணம் நேராகக் கணக்குக்குப் போய்விடும், வீட்டில் காசு இல்லை என்பதும் ஊருக்குத் தெரியும். துப்பாக்கி இருப்பது தெரிவதைவிட இது தெரிவது நல்லது. கட்டுத்தரைக்குப் பக்கத்தில் இருந்த பழைய வீட்டைச் சரிசெய்து பண்ணையத்துக்கு வருகிற ஒரு குடும்பத்தை வாடகை இல்லாமல் குடிவைத்தேன். ராத்திரி அங்கே குழந்தை அழுகிற சத்தம் கேட்டாலே எனக்குத் தூக்கம் நன்றாக வரும்.

பொழுது விழுந்த பிறகு கதவைத் திறப்பதில்லை. ஆடு கத்தினாலும், வெளி விளக்கு அணைந்தாலும், மோட்டார் நின்றாலும் விடிந்துதான். இதை உங்கள் அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள், ஆம்பிளைகளுக்கு இதுதான் கஷ்டம், சத்தம் கேட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். வெளியில் நாலு மூலைக்கும் விளக்கு, சுவிட்ச் என் கட்டிலுக்குப் பக்கத்தில். மாடியில் சைரன், அதற்கும் பொத்தான் அங்கேயே, கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். சுற்றி இருக்கிற தோட்டக்காரர்கள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். யார் வீட்டுச் சைரன் கேட்டாலும் மற்றவர்கள் விளக்கைப் போட்டு, 112-க்கு அடித்துவிட்டு, நாலைந்து பேராகச் சேர்ந்துதான் வர வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். போனில் காவல் உதவி செயலியும் இருக்கிறது. ஸ்டேஷனில் தனியாக இருக்கிற வயதானவர்கள் என்று பேர் எழுதிக் கொடுத்தால் ரோந்து வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், வராவிட்டால் நினைவுபடுத்த வேண்டும். நாய் ரெண்டு. ஒன்று வெளியே, ஒன்று வீட்டுக்குள். வெளியே இருப்பதற்கு யாராவது விஷம் வைத்தாலும் உள்ளே இருப்பது குரைக்கும்.

உங்கள் வீட்டில் முதலில் பின்கதவைப் பாருங்கள். முன்பக்கம் தேக்கில் இழைத்துப் போட்டுவிட்டுப் பின்பக்கம் எல்லோரும் ஒற்றைத் தாழ்ப்பாள் போட்ட பலகைக் கதவோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு வெளியே இரும்புக் கிரில் ஒன்று, உள்ளே மேலேயும் கீழேயும் தாழ்ப்பாள். வெல்டிங்காரர் வெள்ளகோவிலிலேயே கிடைப்பார். நீங்கள் ஊரில் இருக்கும்போதே வேலையை முடித்துவிட்டுப் போங்கள், அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த விதைப்புப் பட்டத்துக்குத்தான் ஆகும்.